தணிகாசலம் நகர் உதயமாகாத கதை

படத்திறப்பு விழாக்களில் ஒரு வசதி உண்டு. படத்தில் இருப்பவர் எழுந்து வந்து, 'போதும்ப்பா, உட்காரு' என்று சொல்ல முடியாது. அந்தத் துணிச்சலில்தான் நம் ஊரில் பலர் மைக்கைப் பிடிக்கிறார்கள்!

சென்ற ஞாயிறு நானும் பிடித்தேன். திருவண்ணாமலையில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். மாலை போட்ட படத்தில் இருந்தவர் என் பெரியப்பா தணிகாசலம் வாத்தியார். அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். லீவு விட்டால் ஜவ்வாது மலையில் நடந்து திரிந்தவர். அத்துடன்… கோல்ஃப் மைதான உரிமையாளர்.

சிரிக்காதீர்கள். மூன்றும் ஒரே ஆள்தான்.

என்.சி.சி. முகாமுக்காக மாணவர்களை நீலகிரிக்கு அழைத்துப் போனவர், அங்கேதான் அந்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தார். ஊர் திரும்பியதும், கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த தம் மானாவாரி நிலத்தில் குழி வெட்டத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். "மல்லாட்டை போடற நிலத்துல பந்து போடறாரு வாத்தியாரு" என்று ஊரே பேசியது.

புல்வெளிக்குத் தண்ணீர்? குடிக்கவே கம்மி. பெரியப்பா புல்லை மறந்தார். குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து, ஈரச் சாக்கை இழுத்துச் சமன் செய்தார். பச்சையே இல்லாத கோல்ஃப் மைதானம்! மழைக்குப் பிறகு மற்ற இடங்களில் முளைக்கும் புல்லை ஆடுகள் பார்த்துக்கொண்டன. ஆடு பந்தைக் கவ்விக்கொண்டு ஓடினால், பந்து கிடந்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்கலாம் என்று ஒரு விதி. அதை அவரே பலகையில் எழுதி வேப்பமரத்தில் மாட்டினார்.

ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டவர் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு மட்டையோடு வந்தார்கள். அரசு மருத்துவமனை நர்சுகள் வந்தார்கள். லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள். பௌர்ணமிக்கு மட்டும் விடுமுறை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் கிரிவலத்தில் இருப்பார்களே! லாரி ஓட்டுநர் அடித்து முடிக்கட்டும் என்று கார்க்காரர் கைகட்டிக் காத்து நிற்கும் கோல்ஃப் மைதானம் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? எங்கள் மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது. நான் தலை நிமிர்ந்து சொல்வேன்.

அந்த ஒன்றுக்குத்தான் அன்று ஆபத்து வந்தது.

நிலம் இப்போது பெரியம்மாவுடையது. அதை மனைப்பிரிவு போட்டுவிடலாம் என்று அவருடைய தம்பி சேகர் மாமா நச்சரித்துக்கொண்டே இருந்தார். "காரியம் முடியட்டும்டா" என்று பெரியம்மா தள்ளிப்போட்டிருந்தார். காரியம் முடிந்தது. அன்று மாமா தனியாக வரவில்லை. முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒரு லேஅவுட்காரரும் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவர் மாமாதான். கண் கலங்கப் பேசினார். குற்றம் சொல்ல முடியாது, உண்மையான கண்ணீர்தான். முடிக்கும்போது ஒரு குண்டைப் போட்டார்: "என் மாமா பேரு காலத்துக்கும் நிக்கணும். அந்த நிலத்துல உதயமாகப் போகுது… தணிகாசலம் நகர்!"

மண்டபம் கை தட்டியது. மனைப்பிரிவுக்கு மறைந்தவர் பெயரை வைப்பது நம் பக்கத்து மரபு; நல்ல மரியாதை என்றே எல்லாரும் நினைத்தார்கள். பெரியம்மா மட்டும் தட்டவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

அடுத்து நான். பள்ளி நாளிலிருந்து மேடையிலேயே வளர்ந்தவள். எதுகையும் மோனையுமாக ஓர் உரை தயாராக இருந்தது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசினேன்.

வெளியூர் அணி ஒன்று வந்திருந்த நாள். பெரியப்பாவுக்குத் துணை ஆட்டக்காரர் ரிட்டயர்டு கண்டக்டர் ஏழுமலை. வெற்றி கைக்கெட்டும் தூரம். பெரியப்பா அடித்த பந்து வேலிகாத்தான் புதருக்குள் போய்விட்டது. உள்ளே போனவர் முள்ளில் கிழிந்த சட்டையோடு வெளியே வந்து, "கிளையைத் தள்ளினேன், பந்து நகர்ந்துடுச்சு. என் கணக்குல ஒரு அடி ஏத்திக்குங்க" என்றார். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி; அந்த ஓர் அடியில் ஆட்டம் கைவிட்டுப் போனது.

ஏழுமலை துள்ளிக் குதித்தார். "யாருமே பாக்கல சார்! உங்கள யாரு கேட்டா?"

"நான் பாத்தேனேய்யா."

"டிக்கெட் எடுக்காதவன் செக்கிங் வர்றதுக்கு முன்னாடியே எறங்கி, அபராதத்தை நீட்டற மாதிரி இருக்குது சார் உங்க கதை! என் சர்வீஸ்ல அப்படி ஒருத்தனையும் நான் பாத்ததில்ல!"

நான் சொல்லி முடிப்பதற்குள் மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஏழுமலையே குரல் கொடுத்தார்: "இப்பவும் பாக்கல பாப்பா!" சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது.

அடங்கியதும் கேட்டேன். "பட்டிமன்றத்துக்கு நடுவர் வேண்டும். தேர்தலுக்கு அதிகாரி வேண்டும். தேர்வுக்குக் கண்காணிப்பாளர் வேண்டும். யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாக ஆட ஒரு மண்ணை உண்டாக்கினார் என் பெரியப்பா. மாமா… அந்த வேலிகாத்தான் புதர் உங்கள் தணிகாசலம் நகரில் எந்தக் குறுக்குத் தெருவில் வரும்?"

கைதட்டல் பலமாக எழுந்தது. பெருமையோடுதான் இறங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது?

மாமா அசரவில்லை. "பாப்பா நல்லாத்தான் பேசுச்சு. பேச்சு சோறு போடுமா? அக்கா, ஒரு வார்த்தை சொல்லிடுக்கா. பாவம், சாரு வேற காத்துனு இருக்காரு."

மண்டபமே பெரியம்மாவைப் பார்த்தது. அவர் வாழ்நாளில் மேடை ஏறியதில்லை. கோல்ஃப் என்றாலே முகம் சுளிப்பவர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மெல்ல எழுந்து வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஆயில் கறையோட வந்து சட்டையை என் தலையில கட்டுவாரு. தொவைச்சுத் தொவைச்சு எனக்குக் கையே தேஞ்சு போச்சு. அந்த மனுசன்கூட நான் சண்டை போடாத நாளு கெடையாது…"

மாமாவின் முகம் மலர்ந்தது.

"அதுக்குன்னு, சேகரு… அவரு பேரை போர்டுல எழுதறேன்னு சொல்ற. எழுதிக்கோ. அந்தப் போர்டை நடறதுக்கு அவரு நிலத்தையே ஏன்டா கேக்கற?"

பெரியம்மா முன்வரிசைப் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"சார், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

நிலம் கிடையாது, சாப்பாடு உண்டு. இதைவிட மரியாதையாக ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? லேஅவுட்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

பெரியம்மா இறங்கப் போனவர், ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி மைக்கருகே வந்தார்.

"நாளைக்குக் காலைல ஆட்டம் இருக்குது. மணலை நானே இழுத்து வுட்டுடறேன். எல்லாரும் வாங்க. செருப்பு போட்டுனு வாங்க, முள்ளு ஜாஸ்தி."

எத்தனையோ இரங்கல் உரைகளைக் கேட்டிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றில்லை. என் உரையையும் சேர்த்தே சொல்கிறேன்.