வண்டி ஆறட்டும்

திருவள்ளூரில் அப்பாவின் காரியம் முடித்து மகளோடு திரும்பும்போது, திருநின்றவூர் ஏரியில் நாரைகள் தெரிந்தன. காரை ஓரங்கட்டினேன்.

அம்மா இறந்த புதிதில், ஞாயிறுதோறும் சித்தி வீட்டிலிருந்து அப்பாவும் நானும் இதே வழியாக ஆவடி குவார்ட்டர்ஸுக்கு ஸ்கூட்டரில் திரும்புவோம். டீக்கடையில் நிற்பார், கொய்யா விற்பவரிடம் நிற்பார், கடைசியில் இந்தக் கரையில்.

“வண்டி சூடாயிடுச்சிடா. ஆறட்டும்,” என்பார்.

பாசி வாடையில் உட்கார்ந்து பறவை பார்ப்போம். கூழைக்கடாவைக்கூடக் கொக்கு என்றுதான் சொல்வார். எஞ்சின் சில்லிட்ட பிறகும் எழுந்திருக்க மாட்டார். இருட்டிய பிறகு வீட்டைத் திறந்து, விளக்குப் போட என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்புவார்.

“வீட்டுக்குப் போலாம்பா,” என்றாள் மகள்.

இத்தனை நாள் அப்பாதான் எங்களுக்குக் கதவு திறந்தார். இன்று சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

“வண்டி சூடாயிடுச்சிம்மா. ஆறட்டும்,” என்றேன்.