ஒல்லாந்தர் காலத்துக்கு ரயில் விட்ட புவனா அன்ரி

புவனா அன்ரி காலமான செய்தி, ஞாயிறு வாசகர் வட்டத்துக்கு யார் வடை கொண்டுவருவது என்ற வாட்ஸ்அப் வாக்குவாதத்தின் நடுவே வந்தது. வேலைக்குப் போகும் வழியில் படித்தேன். அதற்குக் கீழே ஒருவர், "அப்ப வடை வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அன்ரி பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எழுதிய ஒரே கதை உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே நம் கிளென் வேவர்லிப் புறநகரில் வாழும் பெண் ஒருத்தி ரயிலில் தூங்கி, கடைசி ஸ்டேஷனுக்குப் பதிலாக டச்சுக்காரரான ஒல்லாந்தர் ஆண்ட காலத்து யாழ்ப்பாணத்தில் கண் விழிக்கிறாள். ஆசையோடு தன் முன்னோரின் வீட்டைத் தேடிப் போகிறாள். கிணற்றடியில் அந்த வீட்டின் அடிமைப் பெண் நிற்கிறாள். அவளை விடுவித்தால் குடும்பத்தின் சொத்தும், அதனால் வந்த படிப்பும், இங்கே நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் வாங்கிய வீடும் இல்லாமல் போகும். ஆனாலும் விடுவிக்கிறாள். அந்த வீட்டுக்காக நம்மில் சிலர் உண்மையாகவே கவலைப்பட்டோம்.

அடிமை முறை அமெரிக்காவில்தானே நடந்தது, கதையை அங்கே நகர்த்தலாமே என்றார் வட்டத்தின் தலைவர்.

"நகர்த்தலாம் அண்ணை," என்றார் அன்ரி. "எங்கடை ஆக்களுக்கு அங்கை காணி இல்லையே."

பிறகு, அந்த ரயிலில் ஏறினால் நீங்கள் அங்கே யாராக இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவர் ஒல்லாந்தரிடம் பதவி பெற்ற முதலியார். இன்னொருவர் கோயில் தர்மகர்த்தா. தலைவர் ஒல்லாந்தருக்கே மொழிபெயர்ப்பாளர். சென்னையிலிருந்து வந்த ஐ.டி. நண்பர் தஞ்சாவூர் அரண்மனையில் இறங்கிக்கொண்டார்.

"எல்லாரும் பெரிய ஆக்கள். வயலுக்கு ஒருத்தரும் போகேல்லையோ?" என்றார் அன்ரி.

என் முறை வந்தது. வட்டத்தில் நான் என் குடும்பத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

"நான் வயலிலை நிண்டிருப்பன் அன்ரி."

எல்லோரும் தங்கள் தேநீரை உற்றுப் பார்த்தார்கள். அன்ரி இரக்கப்படவில்லை. கதையை என் மடியில் வைத்தார். "அப்ப நான் எங்கை பொய் எழுதியிருக்கிறன் எண்டு பாத்துச் சொல்லும்."

சொன்னேன். விடுதலையான அந்தப் பெண் பக்கத்துக்குப் பக்கம் நன்றி சொல்கிறாள் என்றேன். அன்ரி என்னோடு சண்டை பிடித்தார். பாவம், ஒரு நன்றியாவது சொல்லட்டும் என்று ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மற்றதெல்லாம் வெட்டினார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அந்த ஒரு நன்றியையும் வெட்டிப்போட்டன். அவ இப்ப கேள்விதான் கேக்கிறா."

முழுக் கதையையும் எனக்கு அனுப்பினார். கடைசிப் பக்கத்தில், தன்னை விடுவிக்க வந்தவளைப் பார்த்து அந்தப் பெண் கேட்கிறாள்: "இவ்வளவு காலமும் எங்கை இருந்தனீ?"

இப்போது தலைவர் அந்தக் கதையை நினைவு மலரில் போட விரும்புகிறார். கதையில் அந்த முன்னோர் வீடு இருக்கும் ஊரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் ஒருவர் மனமும் நோகாதாம். அது அன்ரியின் சொந்த ஊர். எழுதியபோது அவருடைய மனம் நோகாமலா இருந்திருக்கும்?

"எடுக்க ஏலாது அங்கிள்," என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அன்ரி என்றால் கூடவே சிரிக்க ஒரு பகிடியும் விட்டிருப்பார், எனக்கு வரவில்லை. அவருடைய பகிடிகளை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. கேட்பவர்களுக்கு, முழுக் கதையையும் ஊர்ப் பெயரோடு தருவேன்.