தோற்றவன் மேலே போக வேண்டும்

கிரீஸ் என்று எல்லோரும் கூப்பிடும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒன்பது வருஷமாக ஒரு வயிற்றெரிச்சல். அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் ஓடியவன் அவன்தான். கூட வேலை பார்க்கிற மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருஷன், கீழ்த்தளத்து அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருப்பான். இதற்காக யாரையும் திட்டவும் வழியில்லை, ஏற்பாட்டைச் செய்ததே கிரீஸ். சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியம்.

ஐந்தாம் மாடியில் குடியிருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பழைய டிவியையும் ஒரு வீடியோ கேம் பெட்டியையும் கிரீஸ் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதற்குள் ஒரே ஒரு டிஸ்க். ஜப்பான்காரர்கள் வருஷக்கணக்காக விழுந்து விழுந்து படித்த ஒரு நிஞ்ஜா படக்கதையைச் சண்டை விளையாட்டாக மாற்றியிருந்தார்கள். யார் யாருக்குப் பகை, எதற்காகப் பகை என்று ஒரு இழவும் விளங்காது. எழுத்தெல்லாம் அந்த ஊர் எழுத்து. ஆனால் குத்த ஒரு பொத்தான், உதைக்க ஒரு பொத்தான், தாவ ஒரு பொத்தான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அது போதாதா?

மாப்பிள்ளை வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு மாசம் கிரீஸ் தனியாகவே ஆடி, நண்டு முகமூடி போட்ட நிஞ்ஜாவைக் கையில் பழக்கி வைத்திருந்தான். மாப்பிள்ளை வந்த முதல் நாளே பெரிய மனுஷத்தனமாகச் சொன்னான்: "மாப்ள, சண்ட சச்சரவு வேணாம். லிஃப்ட் நின்னு மணி அடிச்சா ஒரு ஆட்டம். ஒரே நிமிஷம். தோத்தவன் மேல போகணும்."

"நீங்க சொன்னா சரிதான் மச்சான்," என்றான் மாப்பிள்ளை, பச்சைக் குழந்தை மாதிரி.

மூன்று நாள் மாப்பிள்ளை தோற்றான். மூன்று நாளும் போனான், திரும்பி வந்து கிரீஸிடமே எப்படிச் சரி செய்வது என்று கேட்டுவிட்டு மறுபடியும் போனான். நான்காவது நாள் அந்த விளையாட்டில் ஒரு வித்தை இருப்பதைக் கண்டுபிடித்தான். அடி விழப்போகிற அந்தக் கணத்தில், ஒரு இமைப்பு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், கன்ட்ரோலரின் மேல் ஓரத்தில் இருக்கிற தோள்பட்டைப் பொத்தானைத் தட்டினால் நிஞ்ஜா மறைந்துவிடுவான். அடி வாங்குவது ஒரு வைக்கோல் கட்டு. நிஞ்ஜா உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான், நிதானமாக ஒரு குத்து விடுவான். மாப்பிள்ளைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. காகிதக் குடை வைத்திருக்கிற பெண் நிஞ்ஜாவை எடுப்பான், சும்மா நிற்பான். கிரீஸ் பாய்வான். வைக்கோல். பின்னால் குத்து. மறுபடி பாய்வான். வைக்கோல். பின்னால் குத்து. அன்றோடு கிரீஸின் வெற்றிக் கணக்கு முடிந்தது.

மாப்பிள்ளைக்கு இது புதிதாக வந்த கலை ஒன்றும் இல்லை. முன்னால் அவன் ஒரு அச்சகத்தில் இருந்தான். கூரை ஒழுகி ஒரு லோடு காகிதமும் ஊறிப்போன அன்று அவனுக்குப் பல்வலி, லீவு. தண்ணீர் கேன் வண்டியில் உதவிக்குப் போனான். வண்டி பள்ளத்தில் கவிழ்வதற்கு இரண்டு தெரு முன்னால் தேநீர் குடிக்க இறங்கிக்கொண்டான். செருப்புக் கடையில் முதலாளியும் முதலாளி தம்பியும் கட்டிப் புரண்டபோது இவன் மேல் பரணில் எட்டாம் நம்பர் தேடிக்கொண்டிருந்தான். நழுவினான் என்று எவனும் நிரூபிக்க முடியாது. அடி விழுந்த இடத்தில் அவன் இல்லை, அவ்வளவுதான். பேச்சோ தேன். அந்தப் பேச்சில் மயங்கித்தான் கிரீஸே தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தான், பிறகு வேலையும் வாங்கிக்கொடுத்தான். வீட்டில் "வாங்க மாப்ள, உட்காருங்க மாப்ள" என்பான். அறையில் "ஏன்டா டேய்" என்பான். இரண்டுக்கும் மாப்பிள்ளை ஒரே சிரிப்புத்தான் சிரிப்பான்.

நடந்த கூத்து அதோடு நிற்கவில்லை. மேனேஜர் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கிறவன் மாப்பிள்ளை. "வணக்கம் சார், ஆள் அனுப்பிட்டேன் சார், பத்து நிமிஷம் சார்." மேனேஜர் அறைக்கு எப்போது வந்தாலும் சட்டை கசங்காமல் எழுந்து நிற்பவனும் அவன்தான். கிரீஸைத் தேடினால் ஏதோ ஒரு மாடியில் லிஃப்ட் பெட்டியின் மேல் கூரையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பான், முகம் முழுக்கக் கரி. ஆறாவது வருஷம் மேனேஜர் யோசித்துப் பார்த்து, பொறுப்பான ஆள் யார் என்று முடிவு செய்து, மாப்பிள்ளையை மேற்பார்வையாளன் ஆக்கினார். பதவியோடு கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடும் வந்தது. தங்கச்சி வாடகை வீட்டு ஒண்டுக்குடித்தனத்திலிருந்து அங்கே குடிவந்தாள், சுவருக்கு அவளே மஞ்சள் வண்ணம் அடித்தாள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் கிரீஸுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒரே இடத்தில், வயிற்றில், வந்து உட்காரும்.

போன மாசம் புது விதி வந்தது. லிஃப்ட் பராமரிக்கும் ஆட்களை அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் சோதிப்பார். கட்டடத்துக்கு ஒரு ஆளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார். நடுவழியில் நின்ற லிஃப்டை மின்சாரம் இல்லாமல், கையாலேயே ஒரு மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து உள்ளே இருப்பவரை இறக்க வேண்டும். தேறினால் இரண்டு பேருக்கும் வேலை நிலைக்கும். தவறினால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு வேறு கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் தங்கச்சி அண்ணனை வாசலிலேயே மறித்தாள். "அண்ணா, உண்மையச் சொல்லு. அவருக்கு லிஃப்ட் வேலை தெரியுமா?"

"மேற்பார்வையாளனாச்சே."

"அதக் கேக்கல. வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்துற அன்னைக்கெல்லாம் அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கும். எனக்குத் தெரியாதா? சீட்டு அவரு பேருக்கு விழுந்துச்சுன்னா இந்த வீட்ட விட்டு நாங்க எங்க போறது?"

கிரீஸ் அங்கேயே முடிவு செய்தான். அவன் நாசமாய்ப் போகட்டும், தங்கச்சி வீடு போகக் கூடாது.

நாலு நாள் கற்றுக்கொடுத்தான். கற்றுக்கொடுத்தான் என்பதைவிட நாலு நாள் பேசினான் என்று சொல்லலாம். மொட்டைமாடி மெஷின் அறையில் பெரிய மோட்டார், அதன் பக்கவாட்டில் ஒரு இரும்புச் சக்கரம், பிரேக்கைத் தளர்த்த ஒரு கம்பி. மெயினை அணைத்துவிட்டு, இடது கையால் கம்பியை அமுக்கி, வலது கையால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்ற வேண்டும். கயிற்றில் பூசிய மஞ்சள் குறி வந்தால் பெட்டி மாடி மட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்க எளிது. கம்பியைக் கொஞ்சம் அதிகமாக அமுக்கிப் பிடித்தால் பெட்டி தானாகவே ஓட ஆரம்பிக்கும், சக்கரம் மணிக்கட்டை முறுக்கும். கிரீஸே முதல் வருஷம் மூன்று தடவை மட்டத்தைத் தாண்டியிருக்கிறான்.

"சின்னச் சின்னதா விடணும்டா. விடு, பிடி. விடு, பிடி. புரியுதா?"

"புரியுது மச்சான்."

"அப்ப பிடி."

முதல் நாள் பிடிக்கப்போனபோது மேனேஜர் போன். இரண்டாம் நாள் கண்ணில் தூசி. மூன்றாம் நாள் யாரோ அவனைத் தேடினார்கள், யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. நான்காம் நாள் தப்ப வழியில்லாமல் நின்றான், கிரீஸ் செய்வதை உற்றுப் பார்த்தான், "விடுறதுக்கும் பிடிக்கறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் மச்சான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். கம்பியைத் தொடவே இல்லை.

சோதனை அன்று காலை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் கோப்பு, சிரிப்பு என்பது வேறு துறை என்பது போன்ற முகம். மேனேஜரே பயணியாக உள்ளே நிற்க ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பர் லிஃப்டை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிறுத்தியாயிற்று. அதிகாரி கீழ்த்தளத்து அறைக்கு வந்து, சட்டைப்பையிலிருந்து இரண்டு துண்டுச் சீட்டை எடுத்து, "ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து லிஃப்டுக்குள் இருந்த மேனேஜர் மணியை அடித்தார்.

ஒன்பது வருஷப் பழக்கம். கிரீஸ் டிவியைப் போட்டான். மாப்பிள்ளை இரண்டு கன்ட்ரோலரையும் எடுத்து ஒன்றை மச்சானிடம் நீட்டினான். இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து, நண்டு முகமூடியும் குடைக்காரியும் திரையில் எதிரெதிரே வந்து நின்ற பிறகுதான், அறையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பது உறைத்தது.

"என்னய்யா இது?" அதிகாரியின் குரல் மேலே போனது. "ஆள் உள்ள மாட்டிக்கிட்டு மணி அடிக்கறான். நீங்க ரெண்டு பேரும் வெளையாட உட்கார்ந்துட்டீங்க?"

மாப்பிள்ளையின் தேன் வாய் முதல்முறையாக ஒட்டிக்கொண்டது. கிரீஸுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஒரு நிமிஷந்தான் சார். தோத்தவன் மேல போகணும். ஒம்பது வருஷமா எங்க வழக்கம்."

"ஒம்பது வருஷத்துல நீ எத்தன தடவ போன?"

"மொத மூணு நாளு போக, எல்லாத் தடவையும்."

அதிகாரி அவனைப் பார்த்தார், மாப்பிள்ளையின் கசங்காத சட்டையைப் பார்த்தார். சீட்டுகளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"தோக்கறவன சோதிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? ஆடுங்க. இன்னைக்கு ஜெயிச்சவன் மேல போகணும்."

மணி மறுபடியும் அடித்தது. ஆட்டம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை உதட்டை அசைக்காமல் சொன்னான்: "மச்சான், அடி. நல்லா அடி. நான் அசையாம நிக்கறேன்."

கிரீஸ் பாய்ந்தான். வைக்கோல்.

"ஏன்டா நகர்ற?"

"நான் நகரல மச்சான், கை நகருது!"

கிரீஸ் பின்னால் திரும்பி உதைத்தான். மறுபடி வைக்கோல். மாப்பிள்ளையின் நெற்றியில் வியர்வை. தோற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. "அய்யோ மச்சான், சீக்கிரம் கொல்லு" என்று கெஞ்சிக்கொண்டே முதுகில் குத்துகிறான். நாற்பது விநாடியில் நண்டு முகமூடி குப்புற விழுந்தது. குடைக்காரி குடையை விரித்துக் கும்பிட்டாள்.

"கிளம்பு," என்றார் அதிகாரி மாப்பிள்ளையிடம். கிரீஸிடம், "நீ இங்கயே உட்காரு."

கிரீஸ் உட்கார்ந்தான். அந்த நாற்காலி இவ்வளவு சொகுசு என்று அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. சொகுசை அனுபவிக்கவும் முடியவில்லை. மஞ்சள் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நம்பர் லிஃப்டில் ஏறி மொட்டைமாடிக்குப் போய், மெஷின் அறைக் கதவின் கம்பி வலைக்கு வெளியே நின்றான்.

மாப்பிள்ளை மெயினை அணைத்திருந்தான். சரி. கதவுகள் மூடியிருக்கிறதா என்று போனில் மேனேஜரிடம் கேட்டான், அதுவும் சரி. சட்டைக் கையை மடித்தான், அதுவே ஒரு அதிசயம். இடது கை கம்பியில், வலது கை சக்கரத்தில். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே ஒரே ஆள் என்பதால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடைக்கல்தான் கனம், பெட்டி மேலே ஓடத்தான் பார்க்கும். கிரீஸ் கம்பி வலையில் முகத்தை ஒட்டினான்.

மாப்பிள்ளை விட்டான், பிடித்தான். விட்டான், பிடித்தான்.

ஒரு இமைப்பு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சக்கரம் ஒரு சாண் நகர்ந்து நிற்கும், இன்னொரு சாண் நகர்ந்து நிற்கும். ஒருமுறைகூட ஓடவில்லை, மணிக்கட்டை முறுக்கவில்லை. மஞ்சள் குறி மெதுவாக ஏறி வந்து நேர்கோட்டில் நின்றது. கிரீஸ் மூன்று வருஷம் கையைக் காயப்படுத்திக்கொண்டு கற்றதை இந்தத் தடியன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கற்றிருக்கிறான். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா?

போனில் மேனேஜர் சத்தம் கேட்டது: "எட்டாம் மாடி. இறங்கிட்டேன். ஒரு குலுக்கல்கூட இல்ல!"

அதிகாரி கோப்பில் கையெழுத்துப் போட்டார். "வேலை சுத்தம்" என்றார். கதவைத் திறந்து, வலைக்கு வெளியே நின்ற கிரீஸைக் கண்டும் காணாதவர் போலப் படியிறங்கிப் போனார்.

மாப்பிள்ளை சக்கரத்தை விட்டுக் கையை எடுத்தான். உள்ளங்கை இரண்டிலும் கறுப்பு. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் நீட்டியபடியே வந்தான். சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் கிரீஸ் பார்த்தது அதுதான் முதல்.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டா?"

"சொல்லித் தொலைங்க மாப்ள."

"வீட்டுக்கு என்கூட வந்து, நான்தான் செஞ்சேன்னு உங்க தங்கச்சிகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா சத்தியமா நம்ப மாட்டா."