நீளமுடிக்காரர்கள் கேசட்

என் வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது கல்யாணமான மறுநாளே. காரணம் ஒன்றும் பெரிதில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். அதோடு விடாமல் என் தட்டையும் கழுவினார். ஒரு ஆம்பளை இவ்வளவு நல்லவனாக இருக்க முடியுமா, எதையோ மூடி மறைக்கத்தான் இந்த வேஷம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு மகளாகப் பிறந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டால் கல்லும் கரையும் என்று சபையில் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் டியூஷன் என்று சொல்லிவிட்டு வாராவாரம் போனது திமிரியில் இருந்த அவருடைய இன்னொரு குடும்பத்துக்கு. நான் நர்சிங் படிக்கும்போது விஷயம் வெளியே வந்தது. வெட்கப்பட்டாரா என்றால், அதுவும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டார். வீட்டில் விட்டுப்போனது ஒரு கேசட். அவர் வேதம் வாசித்துப் பதிவு செய்தது. "தூக்கிக் குப்பையில போடு" என்றாள் அம்மா. போட்டுவிட்டேன் என்று சொன்னேன், போடவில்லை. கல்யாணமாகி வேலூரிலேயே தனிக்குடித்தனம் வந்தபோது என் பெட்டிக்கடியில், புடவைகளுக்குக் கீழே அதுவும் வந்தது. ஏன் வைத்திருந்தேன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன். தினமும் போய்வருவார். சபைப் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுவார். பேசச் சொன்னால் நாலு வார்த்தை வராது, பாடச் சொன்னால் பெஞ்சு அதிரும். அந்தப் பாட்டு ஒன்றுதான் அவருடைய உசிரு என்று எல்லாருக்கும் தெரியும்.

தோல் ஊரில் வேலை பார்க்கிறவனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மற்ற ஊர்ப் பெண்கள் புருஷன் சட்டையை மோந்து பார்த்தே குடித்தானா, சிகரெட் பிடித்தானா, எவள் வீட்டுக்குப் போனான் என்று சொல்லிவிடுவார்கள். எங்களால் முடியாது. தோல் வாசனையும் பசை வாசனையும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சனிக்கிழமை மட்டும் இவர் லேட்டாக வருவார். கேட்டால் "ஓவர்டைம்" என்பார். எனக்கு அந்தப் பழைய டியூஷன் ஞாபகம் வரும்.

ஒரு நாள் லீவில் பீரோவைச் சுத்தம் செய்தேன். இவருடைய கல்யாணக் கோட்டுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. ஆட்டுத்தோல் துண்டு. ஷூவுக்கு உள்ளே வைத்துத் தைப்பார்களே, அந்த மாதிரி. அதற்குள் சுற்றி வைத்திருந்தது ஒரு கேசட். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு வெள்ளைக்காரர்கள். நாலு பேருக்கும் இடுப்பு வரைக்கும் முடி. உடம்பைப் பிடித்த தோல் கால்சட்டை, ஒருத்தன் கையில் கித்தார், பின்னால் மின்னல். கடவுளே, கீர்த்தனை தவிர எதுவும் கேட்கமாட்டேன் என்று சொன்ன மனுஷனா இது!

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த அம்மாவிடம் ஓடினேன். அம்மா கண்ணை மூடி எல்லாம் கேட்டாள். "இன்னான்னு இப்போ கேக்காதடி. கேட்டா உஷாராய்டுவான். பாத்துக்கினே இரு. நான் ஜெபம் பண்றேன்" என்றாள். சரி என்று வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். முஸ்லிம் பெண்கள் நிறைய இருக்கிற அந்த ஊரில் முக்காடு போட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மத்தியானம் ஷிப்ட் விட்டது. இவர் வெளியே வந்தார், பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் பின்பக்கச் சந்தில் திரும்பினார். பின்னாலேயே போனேன். கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நானும் நுழைந்தேன்.

வராந்தாவில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். மெஷின் பழக்க வந்த டெக்னீஷியன். தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது. முன்னால் காலி ஷூ டப்பாக்களை அடுக்கி வைத்து, இரண்டு பென்சிலால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டேப் ரெக்கார்டர் அலறியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து பேஸ் பாடிக்கொண்டிருந்தார்!

"இதான் உங்க ஓவர்டைமா?" என்றேன்.

இவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "நீ... நீ எப்படி வந்தே?"

"பஸ்ல வந்தேன். பீரோவுல ஒளிச்சு வெச்சிருந்த கேசட் தானே இது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அந்தக் கேள்வி கிளப்பிய எரிச்சலில் வெள்ளைக்காரரை முறைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய வலது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. தையல் போடாமல் ஆறின காயம். அட்டையில் மூன்றாவதாக நின்ற நீளமுடிக்காரனுக்கும் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. காயம் பார்த்தே காலம் தள்ளுகிறவள் நான், என் கண்ணுக்குத் தப்பாது. டேப் மேல் கிடந்த அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அவர் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பாட்டெல்லாம் ஆண்டவர் பாட்டுதானாம். சர்ச்சுக்குப் போனால் முடியையும் கித்தாரையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்களாம். வெளியே கச்சேரி வைத்தால், என்னய்யா எப்போ பார்த்தாலும் சாமி பாட்டு என்று எழுந்து போனார்களாம். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள், வாங்க நாதியில்லை. ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். இந்த டிரம்ஸ்காரர் ஷூ மெஷினுக்கு வந்துவிட்டார். கைவசம் இருந்த ஒரே கேசட்டை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தார். "உன் புருஷனுக்கு மட்டும்தான் இதில் நாலு குரல் தனித்தனியாகக் கேட்டது" என்று இங்கிலீஷில் சொன்னார்.

நல்ல கதைதான். அதற்காக உடனே நம்பிவிடுவேனா? அப்பாவும் நல்ல நல்ல கதை சொன்னவர்தான். கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில் பாட்டெல்லாம் அச்சடித்திருந்தது. மடியில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு, கேசட்டை ஓடவிட்டு, வரிவரியாகத் தப்பு எங்கே பிடிபடுகிறது என்று பார்த்தேன். முதலில் ஒரே இரைச்சல். போகப்போக அந்த இரைச்சலுக்குள் ஒரு மெட்டு ஓடுவது தெரிந்தது. நம் பாடகர் குழு மாதிரியே நாலு குரல் பிரிந்து போய்ச் சேர்ந்து வந்தது. குற்றம் சொல்ல ஒரு வரி சிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

கடைசிப் பாட்டு மெதுவானது. வீட்டை விட்டுப் போன ஒரு தகப்பனுக்குப் பிள்ளை பாடுகிற பாட்டு. நீ போன பிறகும் எனக்கு ஒரு தகப்பன் இருந்தார், அவர் ராப்பகலாக வாசலிலேயே நின்றார், ஒரு நாளும் உள்ளே போய்ப் படுக்கவில்லை என்று அந்த நீளமுடிக்காரன் தொண்டை கிழியப் பாடினான். நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் அப்பா போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டு ரகசியத்தையும் ஜெபக்குறிப்பு என்று பேர் வைத்துச் சொல்லிவிட்டால் அது வம்பு ஆகாது. அம்மா பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "எம் மருமகன் சாத்தான் பாட்டு கேக்கறாரு, அவருக்காக ஜெபிச்சுக்குங்க" என்று கேட்டுக்கொண்டாளாம். அவள் நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். பத்து வீட்டில் ஜெபம் பண்ணினார்கள், நூறு வீட்டில் பேசினார்கள். காய்கறிக்காரம்மா வரைக்கும் என்னை "பாவம்" என்று பார்த்தாள்.

அந்த வாரமே சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். சட்டை நுனிகூடக் கசங்காத மனுஷன். காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கன்வென்ஷன் கூட்டத்துல கடைசி நாள் நெருப்பு மூட்டுவோம் இல்ல? அந்தக் கேசட்டைக் கொண்டாந்து எல்லார் முன்னாடியும் போட்டுடு. இல்லேன்னா பாடகர் குழுவுல இடமில்ல."

"ஐயா, ஒரு தடவ கேட்டுப் பாருங்க" என்று கேசட்டை நீட்டினார் இவர்.

"கேக்க வேற வேணுமா? மூஞ்சியைப் பாத்தாலே தெரியலியா?"

அவர் போனதும் இவர் காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "நான் போடமாட்டேம்மா" என்றார். "அந்த வெள்ளைக்காரரு ஊருக்குப் போய்ட்டாரு. அவருகிட்ட வேற கேசட் இல்ல. நான் பாடாம இருந்துக்கறேன்." இவரைப் பாடாமல் இருக்கச் சொல்வதும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்வதும் ஒன்றுதான். எனக்கு அப்போது யார் மேல் கோபம் என்றே புரியவில்லை. பெரியவர் மேல், அம்மா மேல், திமிரிக்குப் போன அப்பா மேல், எல்லார் மேலும் வந்தது.

கன்வென்ஷன் கடைசி நாள் சாயங்காலம் நான் முன்னதாகக் கிளம்பினேன். இவரைப் பின்னால் வரச் சொன்னேன். மைதானம் நிறைந்த கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் விறகு அடுக்கி எரித்தார்கள். ஒவ்வொருத்தராக வந்து போட்டார்கள். சினிமாப் பாட்டு கேசட், சிகரெட் பாக்கெட், ஒருத்தர் தாயத்துகூடப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "அல்லேலூயா" என்றது. பெரியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த பக்கமே பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் இருந்தார்.

நான் எழுந்தேன். பெண்கள் பக்கமிருந்து தனியாக ஒருத்தி நடந்து வருவதைப் பார்த்து எல்லாரும் அமைதியானார்கள். கைப்பையிலிருந்து கேசட் டப்பாவை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். நீளமுடிக்காரர்கள் நாலு பேரும் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தார்கள். "இதானே?" என்று பெரியவரைக் கேட்டேன். "அதேதான் தாயி, போடு" என்றார். போட்டேன். அட்டை சுருண்டது, பிளாஸ்டிக் உருகி நாறியது, உள்ளே நாடா பொசுங்கிப் புகைந்தது. கூட்டம் எழுந்து நின்று "அல்லேலூயா" போட்டது. அம்மா விசும்பி விசும்பி அழுதாள். பெரியவர் அங்கேயே மைக்கில், பாடகர் குழுவில் இவர் இடம் இவருக்கே என்று சொல்லிவிட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

வீடு வரைக்கும் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "உங்கிட்ட மறைச்சேன்னுதானே இப்படி பண்ணே?" என்றார். இவ்வளவுதான் கேட்டார்.

நான் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அந்த ஆட்டுத்தோல் பொட்டலத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். கேசட் இருந்தது. டப்பாவும் அட்டையும்தான் இல்லை.

"அட்டை மட்டும் போச்சுங்க. பாட்டு பத்திரம்" என்றேன்.

கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அங்க எரிஞ்சது இன்னா?"

"எங்கப்பா வேதம் வாசிச்ச கேசட்" என்றேன். "நானும் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தேன்."

இவர் எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தட்டையும் எடுத்துப்போய் அவரே கழுவினார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.