‘சரிபார்த்தேன்’ என்று போட்ட கையெழுத்து

“இது உனக்குப் புரியுமாம்மா? புரியலைன்னா சொல்லு, பெங்களூர்ல கேட்டுக்கலாம்.”

மேனேஜர் கேட்டது அவ்வளவுதான். அதில் கிண்டல்கூட இல்லை. அவர் கையில் இரண்டு பக்க ஆங்கில அறிவிப்பு இருந்தது. எங்கள் ஃபயர்வாலைச் செய்த நிறுவனம் அனுப்பியது. வெளியிலிருந்து கம்ப்யூட்டர்களுக்கு வருவதில் எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கும் பெட்டி அது. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான்.

“புரியும் சார்” என்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாகரசம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவுக்கு வரும் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், கோர்ட் கடுதாசி எல்லாம் நான் ஏழாவது படிக்கும்போதே என் கைக்குத்தான் வரும். புரியாத வரியையும் புரிந்த மாதிரி வாசித்துச் சொல்லிவிடுவேன். சுற்றி நிற்பவர்களைப் பார்த்து அப்பா ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் ‘புரியவில்லை’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அறிவிப்பை இரண்டு தடவை வாசித்தேன். தனித்தனியாக எல்லா வார்த்தையும் தெரிந்தது. சேர்த்துப் பார்த்தால் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை. இப்படி வரும் ஒவ்வொன்றையும் கோப்பில் வைத்து, ஓரத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் தொழிற்சாலையின் வழக்கம். போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து இணைப்பு அறுந்துபோக ஆரம்பித்தது. சரக்கு ஏற்றிய லாரி வெளியே போக கேட் பாஸ் வேண்டும். அது அச்சாக வேண்டுமென்றால் எங்கள் கம்ப்யூட்டர் பெங்களூர் தலைமை அலுவலகத்தோடு பேச வேண்டும். பாதிப் பதிவில் திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டிய லாரிகள் எங்கள் வாசலிலேயே வரிசை கட்டின. ஓட்டுநர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் என்னைத் திட்டினார்கள். எனக்கு இரண்டுமே புரியும்.

“என்னம்மா, கண்டுபிடிச்சியா?” என்று மேனேஜர் தினமும் கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கம்ப்யூட்டர் அறையைத் துடைக்க ஓர் அக்கா வருவார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர். யானைகள் ராகிக் கொல்லையை மிதித்துப்போட்ட வருஷம் பிள்ளைகளோடு மத்திகிரிக்கு வாடகை வீட்டுக்கு வந்தவர். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பார். பஸ்ஸில் நான் ‘பாப்பா’, தொழிற்சாலை கேட்டுக்குள் ‘மேடம்’. அப்படிக் கூப்பிடச் சொன்னது நான்தான்.

அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை இணைப்பு அறுந்திருந்தது. அவர் இல்லாதபோது அறுந்த இருபது தடவையை விட்டுவிட்டு, “துடைக்கிறப்ப ஒயர் அசையுது போல சார்” என்றேன்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

“நானு ஒயரு கிட்டவே போவலீங்க சார். அந்தப் பொட்டியப் பாத்தாலே எனக்குப் பயங்க. தொடைக்கிற குச்சிய வெளிய வெச்சிட்டு, குந்திக்கினு கையாலதாங்க தொடைக்கிறேன்” என்றவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க பாத்திருக்கீங்கல்ல? சொல்லுங்க மேடம்.”

பார்த்திருக்கிறேன். தூங்கும் குழந்தையைச் சுற்றித் துடைப்பது போலத் துடைப்பார்.

“நான் எந்நேரமும் அங்கேயே இருக்கிறதில்லையேக்கா” என்றேன்.

மறுநாள் துப்புரவு கான்ட்ராக்டர் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மூன்று நாள் இணைப்பு அறுந்துபோகவே இல்லை. “பரவால்லையே, கரெக்டா பிடிச்சிட்ட” என்று மேனேஜர் பாராட்டினார். நான் சிரித்தேன். இப்போதும் நினைத்தால் உடம்பு கூசுவது அந்தச் சிரிப்புக்குத்தான்.

நாலாம் நாள் காலை மறுபடி அறுந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி என் கைப்பையில்.

பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அரைமணி நேரம் பார்த்தார்.

“மேடம், ஒயர்ல ஒண்ணும் இல்ல. வெளிய இருந்து எவனோ நடுவுல பூந்து, ‘பேச்சு முடிஞ்சுது, வெச்சிடு’ங்கறான். சொல்றது யாருன்னு பாக்காம உங்க பொட்டியும் நம்பி வெச்சிடுது. இதுக்குப் புது சாஃப்ட்வேர் குடுத்தாச்சே. நோட்டீஸ் வரலையா?”

“தெரியல சார், பாக்கணும்” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘தெரியல’ என்று சொன்னேன். அதுவும் பொய்.

புது சாஃப்ட்வேரை ஏற்றினார். லாரிகள் போயின. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கோப்பைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி வாசித்தேன். அவர் சொன்னதேதான் அதில் இருந்தது. பக்கத்திலேயே என் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். வேலை கேட்டு ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“நல்லாருக்கீங்களா மேடம்?” என்றார்.

பஸ்ஸில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு கடிதம் எழுதினேன். அறிவிப்பு எனக்குப் புரியவில்லை, புரிந்ததாகக் கையெழுத்துப் போட்டேன், அந்த அம்மா எந்த ஒயரையும் தொட்டதில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். அறிவிப்பின் நகலைச் சேர்த்து மேனேஜரிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார்.

“இதை அவங்ககிட்டச் சொன்னியா?”

“இல்லை சார்.”

கடிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்தார். என் வேலை என்னாகும் என்று நான் கேட்கவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டுக்குப் போக மத்திகிரி பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்தேன்.