சின்னதாக ஏதாவது வந்ததா

டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நான் அறிவியலில் போய்ச் சேர்ந்தேன். ஐம்பதைத் தொடும்போது ஆண்களுக்கு இப்படி ஏதாவது ஆகிவிடுகிறது. சிலர் மாடித் தோட்டம் போடுகிறார்கள், சிலர் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிறார்கள். எனக்கு வாய்த்தது சுறா.

எங்கள் கிழக்குத் தாம்பரம் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில், கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்யும் ஓர் இளம்பெண் தன்னார்வலர் தேவை என்று எழுதியிருந்தாள். விண்ணப்பித்தது நான் ஒருவன்தான் என்பதால் தேர்வு எளிதாக முடிந்தது.

அவள் விளக்கியது இதுதான். தலை இரண்டு பக்கமும் சுத்தியல் மாதிரி நீண்டிருக்கும் கொம்பன் சுறா உலகம் முழுக்க அழிந்துகொண்டிருக்கிறது. அதன் குட்டிகள் கரையோரத் தண்ணீரில் வளர்பவை, அதனால் வலையில் சிக்குகின்றன. ஈசிஆர் பக்கம் ஒரு குப்பத்தில் அவள் ஊர்ப் பஞ்சாயத்தோடு மாதக்கணக்கில் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். உயிரோடு சிக்கும் குட்டியைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும், மீறினால் ஒரு மாதம் படகு எடுக்கக் கூடாது. செத்ததைக் கரைக்குக் கொண்டுவரலாம், அதை நாங்கள் அளந்துகொள்வோம். மீன்வளத் துறை அதிகாரிகள் ஒரு பருவம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். கரைக்கு வரும் குட்டிகள் குறைந்தால் ஏற்பாடு தொடரும். குறையாவிட்டால் அந்த மாதங்களில் அந்தத் தண்ணீரில் வலையே போடக்கூடாது. தூரம் போகிற டீசலுக்கு வழியில்லாத சின்னப் படகுகள் அத்தனையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

புதன்கிழமை கணக்கு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை என்னுடையது.

விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரை எடுத்து, மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு உயிரை அடகு வைத்து மீட்டு, சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைக்குப் போவேன். குட்டியைத் திருப்பிப் போட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். சுறாவுக்கும் தொப்புள் உண்டு. தழும்பு திறந்திருந்தால் பிறந்து சில நாள், மூடியிருந்தால் கொஞ்சம் வளர்ந்தது. சொந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரியாதவன் தொப்புள் படிக்க ஆரம்பித்தேன்.

அங்கே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மீன் விற்கும் அக்காதான் முதல் நாளே என்னைக் கவனித்தவள்.

“இன்னா சார், சுறாவா தேடிக்கினு கீற?”

“ஆமாக்கா. சின்னதா ஏதாவது வந்துச்சா?”

“பொண்ணு கீதா சார் உனுக்கு?”

“இருக்கா.”

“உன் வூட்லதான் கீதா?”

“என் வீட்லதான்.”

அவள் முகம் கனிந்துவிட்டது. அறிவியலுக்கு மக்களிடம் இருக்கும் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்கென்று ஒரு கூடை தனியாக இருந்தது. அளப்பேன், எழுதுவேன், கிளம்புவேன். “எடுத்துக்கினு போ சார்” என்பாள். “வேணாம்க்கா, இதைவிடச் சின்னது வந்தா சொல்லு” என்பேன். அடுத்த வாரம் இதைவிடச் சின்னது இருக்கும். இந்த ஒத்துழைப்பில் உருகிப்போய், ‘சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி’ என்று மூன்று பக்கக் கட்டுரை எழுதி ஆராய்ச்சிப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் கட்டைவிரல் பொம்மை ஒன்று பதிலாக அனுப்பினாள்.

பருவம் முடிகிற நேரம், மேடவாக்கத்தில் ஒரு டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள்.

“சார், புதன்கிழமைல குட்டியே இல்ல. உங்க சண்டேல மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டையும் சேர்த்தா குறையவே இல்லைன்னு வருது.”

“நான் கொஞ்சம் உன்னிப்பா பார்ப்பேன்மா.”

அவள் வளர்ப்பு நல்ல வளர்ப்பு. டீயைக் குடித்தாள்.

அந்த ஞாயிறு அக்காவிடமே கேட்டேன். “அது எப்படிக்கா ஞாயித்துக்கிழமை மட்டும் இவ்ளோ வருது?”

“நீதான கேட்ட? என் தம்பிகிட்ட சொல்லி வெச்சிகீறேன். மத்த நாள்ல உசுரோட கீறத கடல்லயே வுட்டுடுவான். சனிக்கெயம மாட்டுறது மட்டும் உனுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் பாலு ஊறலியா சார் பொண்ணுக்கு? நீயும் அளந்து பாத்துட்டு வேணாம்னு வெச்சிட்டுப் போற. டாக்டரு இன்னா அளவு சொன்னாரு?”

டேப்போடு அப்படியே நின்றேன். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து போட்டால் பால் சுரக்கும். சின்னச் சுறாதான் விசேஷம். இது எனக்குத் தெரியாததா? என் மனைவிக்கு என் மாமியார் செய்து போட்டதுதானே. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் மகள், வாராவாரம் சின்னச் சுறா கேட்டு வந்து நிற்கும் அப்பன், எதைக் காட்டினாலும் திருப்தியில்லாத முகம். அந்தக் கடற்கரையில் வேறு எவள்தான் வேறு மாதிரி நினைத்திருப்பாள்? என் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறாள். மீன் வாசனை அடித்தாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஆக, ஒரு பருவம் முழுக்க, காப்பாற்றப் போனவன் கேட்டான் என்பதற்காகவே குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. நான் எண்ணி எழுதியவை எல்லாம் என்னால் வந்தவை.

வெளியே சொன்னால் தம்பியின் படகு ஒரு மாதம் மணலில் கிடக்கும். சொல்லாவிட்டால் ஊரே அந்தத் தண்ணீரை இழக்கும். அதிகாரி வந்து கணக்குப் பார்த்து முடிவு சொல்லும் கூட்டத்துக்கு முந்தின இரண்டு நாளும் எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று மனதார விரும்பினேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை.

கூட்டம் வலை தைக்கும் கொட்டகையில் நடந்தது. அதிகாரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தார். “குறையலையே” என்றார்.

எழுந்தேன். “ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எடுத்துடுங்க சார். அது தப்பு. என் தப்பு” என்றேன்.

“அளந்ததுல தப்பா?”

“அளந்ததுல இல்ல. நான் வந்ததுல.”

யாருக்கும் புரியவில்லை. தம்பியை இழுக்காமல் இதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள்.

“அவரு பொண்ணு புள்ள பெத்துகீது. பாலு ஊறல. நான்தான் தம்பிகிட்ட குட்டி கேட்டேன். இன்னா பண்ணணுமோ எனுக்குப் பண்ணு.”

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. வேறு வழியில்லை. “என் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க” என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு சார் வாராவாரம் சுறா தொப்புள தடவிக்கினு கீற?” என்று யாரோ கேட்க, கொட்டகை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. அதிகாரியும் சிரித்தார், அது நல்லதாகப் போயிற்று. புதன்கிழமைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு பருவம் கொடுத்தார். பஞ்சாயத்து, காரணத்தைக் கருதித் தம்பியின் படகுத் தடையை ஒரு வாரத்தோடு நிறுத்தியது. எனக்கும் தண்டனை உண்டு. அந்தக் கடற்கரையில் நான் எதையும் எண்ணக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது. ஆராய்ச்சிப் பெண் என் ஞாயிறுகளை ஒரே தட்டலில் அழித்தாள். என் நான்கு மாதம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

சிரிக்காதவள் அக்கா மட்டும்தான். வெளியே வந்ததும் கேட்டாள்.

“அப்ப கொயந்தையே இல்லியா?”

“இல்லக்கா.”

“நாலு மாசமா நெனச்சிக்கினு கீறேன் சார். எப்பிடி கீதோ, பாலு குடிக்குதோ இன்னாவோன்னு.”

அவள் தார்ப்பாயை மணல் போக உதறி மடித்துக்கொண்டு போனாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், டாக்டர் சொன்ன நடைக்காக. போன வாரம் தம்பி கரையில் வலையைப் பிரிக்கும்போது ஒரு குட்டி துள்ளியது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு தொடை ஆழத் தண்ணீர் வரை இறங்கி விட்டுவிட்டு வந்தாள். சேலை ஓரத்தைப் பிழிந்தபடி என் முன்னால் நின்றாள்.

“வவ்வாலு மீனு கீது. வோணுமா?”

வேண்டும் என்றேன்.