வெந்நீர் அடுப்பும் இரண்டாவது மீட்டரும்

மின்கட்டணத்தைக் குறைக்க நான் அலைந்தேன் என்று சொன்னால், கரண்டு ஆபீசில்தான் என்னை இழுத்தடித்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அங்கே என் வேலை ஒரு முற்பகலில் முடிந்துவிட்டது. உட்கார நாற்காலிகூடக் கொடுத்தார்கள். என்னை அலைக்கழித்தது என் வீடு.

போடியில் எங்கள் வீடு சின்னது. கீழே ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. மேலே, அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு எழுப்பிய ஒற்றை அறை. அதற்குப் போகும் படி தெருப்பக்கம் இருக்கிறது. கீழே அம்மாவும் நானும். மேலே அண்ணனும் மதினியும் அவர்களுடைய கைக்குழந்தையும். சமையல் மட்டும் எல்லாருக்கும் கீழே, ஒரே அடுப்பில். மதினி அயல் இல்லை, சிலமலையில் இருக்கும் என் தாய்மாமன் மகள். அண்ணன் ஜீப்பு ஓட்டுகிறான். விடிவதற்கு முன் மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் போவான். சாயங்காலம் அவர்களோடு இறங்குவான்.

அரிசி பருப்பு அண்ணன் வாங்கிப் போடுவது, கரண்டு பில் அம்மா கட்டுவது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அப்பா இறந்து வீடும் மின் இணைப்பும் அம்மா பெயருக்கு மாறியதிலிருந்து அது அவளுடைய பொறுப்பு. யாரையும் அதைத் தொடவிடமாட்டாள். என் பங்குக்கு, பில் வந்ததும் அதை வாசித்துச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பட்டமும் வாங்கியிருக்கிறேன், ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்க்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

போன கோடையில் மாடி அறை அடுப்பாகக் கொதித்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அண்ணன் தவணையில் ஏசி வாங்கி மாட்டினான். அடுத்த பில் என் போனுக்கு வந்தபோது இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் வாசித்தேன்.

"கடைசியில ஒரு சைபரு கூடப் போட்டுட்டானான்னு பாரு" என்றாள் அம்மா.

"இல்லம்மா. இதுதான் வந்திருக்கு."

அண்ணன் எழுந்தான். "ஏசி என்னோடதும்மா. அந்தக் காச நான் தாரேன்."

"ஒரு வீட்டுக்குள்ள என்னடா கணக்கு? நாளைக்கு நான் சுட்ட தோசைக்குங் காசு குடுப்பியா?"

மதினி, "ஏசிய நிப்பாட்டிருவோம் அத்த" என்றாள்.

"பிள்ள வேக்குரு வந்து கத்தட்டும்ங்கிறியா?"

எல்லா வழியையும் அவளே அடைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அண்ணன் ஜீப்பில் ஏறிவிட்டாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, சரிவில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, அவள் மலைக்குப் போவதை விட்டிருந்தாள். ஏலக்காய் எடுப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. காய் செடியின் தூரில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் ஈரச் சரிவில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இந்தக் காலோடு அவள் அங்கே போகிறாள், ஒரு மெஷின் காற்றைக் குளிராக்குவதற்காக. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேராகக் கரண்டு ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி எனக்கு அக்கா வயதுப் பெண். எங்கள் இணைப்பு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"ஐந்நூறு யூனிட்டத் தாண்டிருச்சும்மா. தாண்டினா ரேட்டு ஏறத்தான் செய்யும். வீட்ல மாடி இருக்கா? அங்க யாரு இருக்கா?"

"அண்ணன் குடும்பம் மேடம்."

"அப்ப ரெண்டு குடும்பம்."

"இல்ல மேடம், ஒரே குடும்பந்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்பத்தானம்மா அண்ணன் குடும்பம்னு சொன்னீங்க?"

"அண்ணன் குடும்பமும் எங்க குடும்பந்தான் மேடம்."

"அப்ப ஒரே பில்லுதான் வரும்."

எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "ஆத்தா, பாசத்தையெல்லாம் வீட்ல வச்சுக்க. இங்க காட்டுனா பில்லு ஏறும்."

அதிகாரியும் சிரித்துக்கொண்டே விளக்கினார். மாடிக்குத் தனி வழி இருக்க வேண்டும், அது இருக்கிறது. தனிச் சமையல் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மாடிக்குத் தனி இணைப்பு கேட்டு எழுதிக் கொடுக்கலாம், வந்து பார்ப்பார்கள். தனி மீட்டர் வந்தால் அதற்கும் முதல் நூறு யூனிட் இலவசம், எங்களுடையதும் ஐந்நூறைத் தொடாது. ஏமாற்று எதுவும் இல்லை, உள்ளதைச் சொல்லிக் கேட்பதுதான். நான் ஜெயித்துவிட்ட நடையில் வீட்டுக்கு வந்தேன்.

"தனி அடுப்பா?" என்றாள் அம்மா.

அந்த இரண்டு வார்த்தையின் கனம் தெரியாதவளா நான்? எங்கள் சனங்களிடம் நிலம் பிரிவது, நகை பிரிவது எல்லாம் பிறகு. முதலில் அடுப்புதான் பிரியும். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு வீடு. மாமியாரும் மருமகளும் முகம் பார்க்காமல் இருந்தாலும் சோறு ஒரே பானையில் வெந்தால் ஊர் எதுவும் பேசாது.

"போயி எம் வீட்ட ரெண்டா வெட்டிட்டு வான்னா ஒன்ன அனுப்புனேன்? இதுக்குத்தான் படிச்சியா?"

"நீ அனுப்பலம்மா, நானாப் போனேன். நீ மலைக்குப் போகக் கூடாதுன்னு போனேன்."

"நான் போனா ஒனக்கென்ன? எனக்கென்ன கை கால் வெளங்கலயா?"

அண்ணனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்றதுஞ் சரிதான், நீ சொல்றதுஞ் சரிதான்" என்றான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆள் நிரம்பிய ஜீப்பைத் திருப்புகிறவனுக்கு அம்மாவிடம் ஒரு பேச்சைத் திருப்பத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஜீப்பு வாசலில் நின்றது, அம்மா இறங்கவில்லை. அண்ணனும் கூட வந்த ஒரு பெண்ணும் அவளைத் தூக்கி இறக்கினார்கள். "கால் மரத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று அவளே எல்லாருக்கும் சமாதானம் சொன்னாள். முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. மதினி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அத்த, ராத்திரியில பிள்ளைக்கு வெந்நி வைக்க ஒவ்வொரு தடவையும் படியிறங்கி வர வேண்டியிருக்கு. மேல ஒரு அடுப்பு இருந்தாத் தேவல" என்றாள்.

அம்மா வீங்கிய காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். பிறகு, "வெந்நி அடுப்புன்னா வச்சுக்க. அதுக்கென்ன" என்றாள்.

அடுப்பு என்று நான் சொன்னால் வீட்டை வெட்டுவது. வெந்நீர் அடுப்பு என்று மதினி சொன்னால், அதற்கென்ன. சரி, வேலை முடிந்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பத்தைப் போட்டேன். மதினி சும்மா இல்லை, பார்க்க வருகிறவர்களுக்குச் சமைத்துக் காட்டவும் தயார் என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் சொந்தமாக ஓர் அடுப்புக்கு ஆசைப்பட்டிருப்பாளோ என்னவோ, யாரும் அவளைக் கேட்கவில்லை.

அடுப்பு வந்து இறங்கியது. அம்மா காலண்டரைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"நாள் பாக்க. பாலு காச்சாமப் புது அடுப்பப் பத்தவைக்கிறதா?"

"வெந்நி அடுப்புன்னு சொன்னியே!"

"வெந்நி அடுப்பும் அடுப்புதான?"

நல்ல நாள் பார்த்து, மதினி கல்யாணப் பட்டு உடுத்தி, பால் பொங்கியது. பொங்கிய பாலை நாமே குடித்துவிட முடியாதாம். "அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டு வா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று அம்மாவே டம்ளர்களை நிரப்பித் தட்டில் வைத்து மதினியை அனுப்பினாள். பட்டுப்புடவையில் ஒரு மருமகள் பால் தட்டோடு தெருவில் நடந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எதிர்வீட்டு அக்கா பாலை வாங்கிக்கொண்டு, "தனியாப் போயாச்சா? சண்ட சச்சரவு இல்லாமப் போனீகளே, அதுவே பெரிசு" என்றாள்.

"வெந்நி அடுப்புதான்க்கா" என்றாள் மதினி.

"ஆமாமா. எங்க வீட்லயும் வெந்நி அடுப்புன்னுதான் ஆரம்பிச்சுச்சு."

மறுநாள் சிலமலையிலிருந்து மாமா வந்தார், ஆட்டோவில். ஆட்டோ நிறையப் பாத்திரம்: குண்டா, சோற்றுப்பானை, குடம், அரிசி மூட்டை, உப்பு, மஞ்சள். மகள் தனிக்குடித்தனம் போனால் தகப்பன் கொண்டுவர வேண்டிய சீர்.

"ஏன்க்கா, எம் மகளத் தனியா வைக்கிறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா? ஊரே கேக்குது, எனக்குத்தான் தெரியல."

"தனியாவெல்லாம் வைக்கலப்பு. வெந்நி அடுப்பு."

"வெந்நி அடுப்புக்கு எதுக்குக்கா பாலு காச்சுன?"

"பின்ன, காச்சாமயே பத்தவைக்கச் சொல்றியா?"

"அதெப்படி? காச்சித்தான ஆகணும்" என்றார் மாமா. "பாலு காச்சுனா நான் சீரு கொண்டாந்துதான ஆகணும்?"

"ஆகணும்" என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் ஒவ்வொரு படியிலும் ஒத்துப்போய்க்கொண்டே எங்கள் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே புகுந்து, மீட்டர், யூனிட், ரேட்டு என்று முதலிலிருந்து விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றதெல்லாம் சரித்தா. இந்தக் குண்டாவ மேல கொண்டு போகணுமா, வேணாமா? ஆட்டோக்காரரு நிக்கிறாரு."

அந்த வாரமே மின் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்தார். பானை, பருப்பு டப்பா, மஞ்சள் பூசிய அடுப்பு எல்லாம் வரிசையாக இருந்தன. "நல்லாத் தனியா செட்டாயிட்டீங்க" என்று வாயார வாழ்த்திவிட்டு இறங்கினார். கீழே உட்கார்ந்திருந்த அம்மா காதில் அது விழுந்தது. புது மீட்டர் வந்தது. எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிட்டது.

சீர்ப் பாத்திரம் சும்மா கிடக்கக் கூடாது என்பது அடுத்த சட்டம். அதனால் மதினி மேலே சமைத்தாள். அண்ணன் மேலே சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்து இன்னொரு முறை சாப்பிட்டான். அவன் வழக்கம்போலக் கீழே கொண்டுவந்து வைத்த அரிசி மூட்டையை அம்மா திருப்பித் தூக்கிப் போகச் சொல்லிவிட்டாள். தனிக்குடித்தனம் போன பிள்ளை இரண்டு வீட்டுக்கு அரிசி வாங்குவானா என்று கேட்டாள். என் சம்பளம் இருக்கிறதே என்றேன். அது என் கல்யாணத்துக்காம்.

பில் வந்தது. இரண்டு மீட்டரையும் கூட்டினாலும் பழையதில் பாதிகூட இல்லை. சத்தமாக வாசித்தேன்.

"நல்லது" என்றாள் அம்மா.

மறுநாள் விடியற்காலையில் ஜீப்பு சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். கால் வீங்கியதிலிருந்து வீட்டில் இருந்த அம்மா மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அது போதாதென்று, மற்ற பெண்களைப் போல வண்டி வாடகையை அண்ணனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, எங்கிட்டயா காசு குடுக்குற?"

"மத்தவுககிட்ட வாங்குறேல்ல?"

ஜீப்பில் இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "வாங்கிக்கப்பா, சம்பந்தி வீட்டுக் காசு" என்றாள் ஒருத்தி.

"அம்மா, எறங்கு. பில்லுதான் கொறஞ்சிருச்சே!"

"பில்லு கொறஞ்சுச்சு, சோறு? வெரசா எடுறா வண்டிய, நேரமாகுது."

ஜீப்பு போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை, பாத்திரத்தை எடுத்து யார் மேலாவது எறியலாம் போலிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மாடிக்கு ஏறிப் போய், "மதினி, அந்த அரிசிய எடுத்துட்டுக் கீழ வாங்க" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் இடுப்பில் குழந்தையோடும் கையில் படியரிசியோடும் இறங்கி வந்தாள். சாயங்காலம் கீழ் அடுப்பில் உலை வைத்தோம். குழம்பை நான் வைத்தேன். மதினி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அம்மா வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"யாரு வீட்டு அரிசி?"

"மேல் வீட்டு அரிசி, கீழ் வீட்டு அடுப்பு. இதுக்கு என்ன சட்டம்னு நீயே சொல்லு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று. அதற்குள் அண்ணன் வந்து தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "பரிமாறுங்க அத்த, அவுகளுக்குப் பசிக்குதாம்" என்று மதினி கரண்டியை நீட்டினாள். பசி என்று ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது கரண்டியை வாங்காமல் இருக்க அம்மாவால் முடியாது. எல்லாருக்கும் போட்டாள். கடைசியில் தனக்கும் போட்டுக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து, அதன் வாயில் ஒரு பருக்கையைத் தடவினாள்.

"கொழம்பா இது?" என்றாள் என்னைப் பார்த்து. "புளிய இப்பிடியா கரைக்கிறது? நாளைக்கு நான் வச்சுக் காட்டுறேன்."

"நாளைக்கு நீ மலையிலல்ல இருப்ப?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எனக்கு எடம் போடாதடா" என்றாள். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மட்டுந்தான்" என்றும் சொல்லிக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும்போது மதினி என் காதோரம் வந்து கேட்டாள்: "நாளான்னைக்கு எதக் கெடுத்து வைக்கப் போற?"